1977 நாடாளுமன்றத் தேர்தலில் நாடெங்கும் தோற்ற காங்கிரஸ் மதுரையில் மட்டும் எப்படி ஜெயித்தது?

மதுரையில் மட்டுமில்லை, தெற்கு முழுக்கவே அப்படித்தான். ஆந்திராவில் 42-க்கு 41. ஆட்சியைப் பறித்தது வடக்கு: உத்தரப் பிரதேசத்தின் 85, பீகாரின் 54 தொகுதிகளில் காங்கிரஸுக்கு ஒன்றுகூட இல்லை. காங்கிரஸ் பிரதமர் இந்திரா காந்தி கொண்டுவந்த நெருக்கடி நிலையில் கட்டாயக் கருத்தடை அங்கேதான் கொடுமையாக நடந்தது. கோபம் வீடு வீடாகப் பரவியது. எதிர்க்கட்சிகளும் ஜனதா என ஒன்றுசேர்ந்ததால் எதிர்ப்பு ஓட்டு சிதறவில்லை. சுமார் 34.5 சதவீத ஓட்டு வாங்கியும் காங்கிரஸுக்கு 154 இடம்தான்.

தமிழ்நாட்டில் கணக்கே வேறு. எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.வும் இந்திய கம்யூனிஸ்டும் காங்கிரஸோடு நின்றன. அந்த அணிக்கு 39-ல் 34. மதுரையில் ஜெயித்தவர் காங்கிரஸின் ஆர்.வி.சுவாமிநாதன். இதை நெருக்கடி நிலைக்குத் தமிழர் தந்த ஆதரவு என்று சொல்வது தவறு. அது கூட்டணி பலம்.