ஓடி ஒளிய ஒரு ஏக்கர் வாங்கலாமா? – கேள்வி-பதில்

போர்ச் செய்தியும் விலைவாசியும் சேர்ந்து பலருக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டன போலிருக்கிறது. இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்விதான்: எல்லாம் நிலைகுலைந்தால் ஒதுங்குவதற்குக் கிராமப்புறத்தில் ஓர் இடம் வாங்கி வைக்கலாமா? கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மலேசியாவின் ஜோகூரில் கோத்தா திங்கி பக்கம் ஒன்றரை ஏக்கர் டுரியான் தோட்டம், சின்ன வீடு, கிணறு. வெளிநாட்டவர் பெயரில் வாங்குவது இழுபறி, மலேசிய நண்பர் பெயரில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார் தரகர். ஏதாவது நடந்தால் காரில் ஏறினால் போதும், போய்விடலாம். முடித்துவிடட்டுமா? – யீஷூன் வாசகர்

பதில்: முடிக்காதீர்கள். மலேசியாவின் தேசிய நிலச் சட்டப்படி வெளிநாட்டவர் நிலம் வாங்க மாநில அரசின் அனுமதி வேண்டும். மலாய் ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நண்பர் பெயரில் எழுதினால் நிலம் நண்பருடையது, அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளுடையது. உங்களை நாலு தடவை பார்த்த அந்தப் பிள்ளைகள், ஊரே பசியில் இருக்கும்போது கதவைத் திறந்து "வாங்க அங்கிள்" என்று சொல்வார்களா, யோசியுங்கள்.

நான் எத்தனை தடவை எழுதினாலும் யார் காதிலும் ஏறாத இன்னொரு விஷயம் இருக்கிறது. காரில் ஏறிப் போய்விடலாம் என்கிறீர்களே, 2020 மார்ச் 18 மறந்துவிட்டதா? அன்று மலேசியா கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது, சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் காஸ்வே பாலம் வெறிச்சோடியது. தரைவழியாக, தடுப்பூசி போட்டவர்கள் மட்டும், அதுவும் இட ஒதுக்கீட்டோடு போய்வர 2021 நவம்பர் 29 வரை காத்திருந்தோம். முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1. ஜோகூரில் சொந்த வீடு வைத்திருந்த எத்தனையோ சிங்கப்பூரர்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் ராத்திரி காஸ்வேயில் பையும் போர்வையுமாக வந்த கூட்டம் எந்தப் பக்கம் வந்தது? வேலையைக் காப்பாற்றிக்கொள்ள சிங்கப்பூருக்குத்தான். மற்ற நாடுகளும் அப்படித்தான். மார்ச் 13 முதல் இந்தியா, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தான் தரும் ஓசிஐ அட்டையை வைத்திருப்பவர்களின் விசா இல்லாத பயணத்தை நிறுத்திவைத்தது. மார்ச் 19 அன்று நியூசிலாந்து, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அல்லாத ஏறக்குறைய எல்லாருக்கும் கதவைச் சாத்தியது. அதெல்லாம் ஒரு நோய்க்கு, அரசாங்கங்கள் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தபோது! சமூகமே கலையும் அளவுக்கு ஒன்று வந்தால் எல்லையில் நிற்கும் அதிகாரி உங்கள் பத்திரத்தைப் பார்க்கமாட்டார், பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்ப்பார். நிலம் விற்பவர் எவரும் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அவர் விற்பது நிலத்தை மட்டும்தான், உள்ளே போய்த் தங்கும் உரிமை அவர் கையில் இல்லை.

விடுமுறைக்குப் போய் டுரியான் சாப்பிட ஆசையா? பருவத்தில் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள், அது மலிவு.

கேள்வி: பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவு செய்து வாங்கிய புது அரசாங்க அடுக்குமாடி வீடு) குடிவந்து 2 ஆண்டுகள் ஆகின்றன. ஜோகூரில் ஒரு வீடு வாங்கி வைக்கலாமா? மசே நிதியை (மத்திய சேமநிதி) எடுக்க முடியுமா? – பொங்கோல்

பதில்: 5 ஆண்டு குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியும்வரை வெளிநாட்டிலும் வீடு வாங்கக் கூடாது. வெளிநாட்டுச் சொத்துக்கு மசே நிதியைத் தொடவே முடியாது.

கேள்வி: ஹோட்டலில் நடந்த நில விற்பனைக் கண்காட்சியில் புதுக்கோட்டை பக்கம் 20 சென்ட் "பண்ணை நிலம்" பிடித்து 6,000 வெள்ளி முன்பணம் கட்டினேன். "ஆபத்துக் காலத்தில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு மடி" என்று சொல்லித்தான் விற்றார்கள். நான் சிங்கப்பூர்க் குடிமகள், ஓசிஐ அட்டை உண்டு. என் பெயரில் பதிய முடியாது என்கிறார் ஊர் வக்கீல். விற்றவர் பணம் திரும்பாது என்கிறார், வேண்டுமானால் அக்கா மகன் பெயரில் எழுதித் தருவதாகச் சொல்கிறார். – தெம்பனிஸ்

பதில்: வக்கீல் சொன்னது சரி. ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியாவில் வீடோ கடையோ வாங்கலாம், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் இதே விதிதான். சிங்கப்பூரில் கடை விரித்து சிங்கப்பூர்த் தமிழருக்கு விற்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. உங்களை விவரம் இல்லாதவர் என்று வீட்டில் யாராவது திட்டினால் இந்தப் பதிலைக் காட்டுங்கள், தவறு உங்களுடையது இல்லை.

அக்கா மகன் பெயரில் கண்டிப்பாக வேண்டாம். உங்கள் பணத்தில் இன்னொருவர் பெயரில் வாங்கினால் பினாமிச் சட்டம் பாயும், நிலமே பறிபோகலாம். ரசீது, விளம்பரத் தாள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ரசீதில் இருப்பது சிங்கப்பூர் நிறுவனத்தின் பெயரா என்று பாருங்கள். இங்கே இருந்துகொண்டு வெளிநாட்டுச் சொத்து விற்கும் முகவரும் சொத்து முகவர்கள் மன்றத்தில் பதிந்திருக்கவேண்டும். அவர்களுடைய பொதுப் பதிவேட்டில் தொலைபேசி எண்ணைப் போட்டே தேடலாம், பெயர் இல்லையென்றால் அங்கே புகார் கொடுங்கள். பணத்தைக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம், அப்புறம் பயனீட்டாளர் சங்கம். தெரிந்தே பொய் சொன்னார் என்பதற்குச் சான்று இருந்தால் போலீஸ் புகார். 6,000 வெள்ளி சின்னத் தொகை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், விடாமல் துரத்துங்கள்.

கேள்வி: பாத்தாமில் அரை ஏக்கர், வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்து வாங்கிவிட்டேன். தெரிந்தவர் ஒருவர் பெயரில் இருக்கிறது. இனி என்ன காகிதங்கள் வாங்கவேண்டும்? – ஜூரோங் வெஸ்ட்

பதில்: வாங்கிய பிறகு கேட்கிறீர்கள். இந்தோனேசியாவில் 1960-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி முழு உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். சுற்றுவழியில் வெளிநாட்டவருக்குக் கைமாற்றினால் அந்தப் பரிமாற்றம் செல்லாது. நீங்கள் நிலம் வாங்கவில்லை, தெரிந்தவருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். காகிதம் தேடுவதை விட்டுவிட்டு அந்த ஊர் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: பணக்காரர்கள் நியூசிலாந்தில் பதுங்குகுழி கட்டுகிறார்களாமே, நமக்கும் வழி உண்டா? – புக்கிட் தீமா

பதில்: 2018 சட்டம் பெரும்பாலான வெளிநாட்டவர் வீடு வாங்குவதைத் தடுத்தது, ஒப்பந்தம் காரணமாக சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. 5 ஹெக்டேருக்கு மேல் பண்ணை நிலம் என்றால் தனி அனுமதி வேண்டும். பணம் இருந்தால் வாங்குங்கள், முதல் கடிதத்துக்கான பதிலையும் படியுங்கள்.

கேள்வி: பட்டுக்கோட்டை பக்கம் தாத்தா வீடும் முக்கால் ஏக்கர் தென்னையும் இருக்கின்றன. அப்பா போனபிறகு யாரும் போகவில்லை, சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். கஜா புயலில் பாதி மரம் போய்விட்டது. இதைச் செப்பனிடுவது பைத்தியக்காரத்தனம் என்கிறாள் மனைவி. – சுவா சூ காங்

பதில்: வந்த கடிதங்களிலேயே உருப்படியானது உங்களுடையதுதான். விவசாய நிலத்தை விலைக்கு வாங்கத்தான் தடை, வாரிசாகப் பெறலாம். அதைவிட, அந்த ஊரில் நீங்கள் இன்னார் பேரன். கஷ்ட காலத்தில் யாரென்றே தெரியாத ஆள் ஒரு கிராமத்தில் போய் மதில் கட்டி உட்கார்ந்தால் முதல் சந்தேகமே அவர் மேல்தான் விழும்.

முதலில் காகிதம். அப்பாவின் வாரிசுச் சான்றிதழ், பிறகு பட்டாவில் பெயர், ஒரு வில்லங்கச் சான்று. சித்தப்பாவிடம் வக்கீலை அனுப்பாதீர்கள், நேரில் போங்கள், இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? பாகத்தை அவரை வைத்தே பேசி எழுத்தில் போடுங்கள்.

அடுத்தது தண்ணீர். மோட்டார் இருக்கிறது என்பார்கள். கரண்ட் இல்லாத நாளில் மோட்டார் வெறும் இரும்பு. 2018 நவம்பரில் கஜா அடித்தபிறகு உங்கள் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தது என்று சித்தப்பாவையே கேளுங்கள். நீர்மட்டம் மேலே இருந்தால் கைப்பம்பு போடலாம், ஊர்களில் பார்க்கும் வழக்கமான கைப்பம்பு சுமார் 150 அடி வரை இழுக்கும். அதற்குக் கீழே போய்விட்டது என்றால் பழைய கிணற்றைத் தூர்வாருங்கள். சோலார் என்று யாராவது வந்தால் மோட்டாரையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய மடிக்கும் சோலார் தகடு கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றவே திணறியது.

மனைவியிடம் உலக அழிவு என்று சொல்லாதீர்கள். கூரை ஒழுகுகிறது, சரிசெய்கிறேன் என்று சொல்லுங்கள்.

கேள்வி: 25 வருடம் கெடாத உலர் உணவு வாளி, ஒன்று 300 வெள்ளி. நாலு வாங்கலாமா? – செங்காங்

பதில்: 25 வருடம் என்பது குளிர்ந்த இடத்தில் வைத்தால். உங்கள் சாமான் அறை 30 டிகிரி. நானும் ஒரு வாளி வாங்கினேன், எல்லாப் பொட்டலத்திலும் மாட்டிறைச்சி என்பதை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அம்மா படித்துச் சொன்னார். இங்கே அரிசி இறக்குமதியாளர்கள் மாத இறக்குமதியின் இரண்டு மடங்கைக் கையிருப்பில் வைத்திருக்கவேண்டும் என்று விதியே இருக்கிறது. நீங்கள் தினமும் தின்கிற அரிசி, பருப்பு, டின் மீன் ஆகியவற்றில் கூடுதலாகக் கொஞ்சம் வாங்கி, பழையதை முதலில் தின்றுவாருங்கள்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பாம் ஷெல்டர், அதாவது உள்ளே இருக்கும் கான்கிரீட் பாதுகாப்பு அறையின் சுவரில் ஒரு பக்கத்தை இடித்துப் பெரிதாக்க முடியுமா? கான்ட்ராக்டர் முடியும் என்கிறார். – உட்லண்ட்ஸ்

பதில்: முடியாது, சட்டவிரோதம். கான்ட்ராக்டரை மாற்றுங்கள்.