சம்பத்திரிசியார் பற்றி நீங்கள் கேட்டவை

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் வரலாற்றையும் மாணவர் வாழ்க்கையையும் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். அங்கு படித்தவன் நான், அதன் கதையை இன்றும் தேடித் தேடி வாசிப்பவன். வந்த கேள்விகளில் சில:

அண்ணா, கல்லூரி தொடங்கியது 1850 என்கிறார்கள், 1881 என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும்தான். 1850இல் யாழ்ப்பாணம் ஆண்கள் செமினறி என்ற பெயரில் தொடங்கியது. பத்திரிசியார் பெயர் 1881இல் வந்தது.

வட்டுக்கோட்டையில் 1823இலேயே அமெரிக்க மிஷனின் செமினறி, அதாவது உயர்கல்விப் பள்ளி, இருந்ததே. கத்தோலிக்கர் ஏன் இவ்வளவு பிந்தினார்கள்?

நல்ல கேள்வி. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்க வழிபாட்டுக்கே தடை. குருமார் மறைந்து மறைந்து வந்துதான் பூசை வைத்தார்கள். அந்தச் சட்டத் தடைகளை ஆங்கிலேயர் நீக்கியது 1806இல். அதற்குப் பிறகும் பள்ளி நடத்தப் போதிய குருமார் இல்லை. மறுபக்கம் அமெரிக்க மிஷனும் மற்றப் புரட்டஸ்தாந்து சபைகளும் ஆங்கிலப் பள்ளிகளைத் திறந்துவிட்டன. அரச உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும், ஆகவே கத்தோலிக்கப் பிள்ளைகளும் அங்கேதான் போக வேண்டியிருந்தது. 1847இல் அமலமரித் தியாகிகள் என்ற கத்தோலிக்கக் குருமார் சபையினர் இலங்கைக்கு வந்த பிறகே நிலைமை மாறியது. இதே தவிப்பு சைவர்களுக்கும் இருந்தது. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கியது 1848இல். 1848, 1850 என்ற இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் காலம் விளங்கும். 1868இல் யாழ்ப்பாண ஆயரான பொஞ்சீன் ஆண்டகை, சமயப் பாடசாலைகளுக்கும் அரச உதவி வேண்டும் என்று விடாமல் வாதாடியவர். அவருக்கு நாம் பெரிய கடன்பட்டிருக்கிறோம்.

சைவப் பிள்ளைகளும் படித்தார்களா ஐயா?

ஏராளமானோர். என் வகுப்பிலும் இருந்தார்கள். மைதானத்தில் யாரும் சமயம் பார்த்துப் பந்து கொடுக்கவில்லை.

விடுதி வாழ்க்கை எப்படி? அப்பா ஒரே மணியைப் பற்றியே சொல்வார்.

அப்பா சொல்வது சரி, மணிதான் எல்லாம். எழும்ப மணி, பூசைக்கு மணி, சாப்பாட்டுக்கு மணி, படிப்புக்கு மணி. மாலையில் விளையாடிவிட்டுக் குளித்து வந்தால் அமைதியாக இருந்து படிக்க வேண்டும், பாதர் மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பார். தீவுப் பகுதிகளிலிருந்து வந்த சின்னப் பெடியன்கள் முதல் வாரம் அழுவார்கள். பிறகு அவர்களே விடுமுறைக்குப் போக மனமில்லாமல் நிற்பார்கள். கண்டிப்பு இருந்தது, அதில் சிலது தேவைக்கு மேல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் குருமார் அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார்கள். காய்ச்சல் வந்தால் இரவில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர்களும் அவர்கள்தான்.

‘பொன் அணிகளின் போர்’ யாருக்கும் யாருக்கும்?

நமக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் நடக்கும் துடுப்பாட்டம். வடக்கின் பெரும் போர் வேறு, அது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும்.

1960இல் அரசு பள்ளிகளை எடுத்தபோது இது எப்படித் தப்பியது?

1960ஆம் ஆண்டுச் சட்டம் உதவி பெற்ற பாடசாலைகளை அரசின் கீழ் கொண்டுவந்தது. பெரிய பள்ளிகள் சில, அரச உதவியை விட்டுவிட்டுத் தனியாக நிற்கத் தீர்மானித்தன, நம் கல்லூரியும் அவற்றில் ஒன்று. ஆனால் கட்டணமும் அறவிட முடியாது. பழைய மாணவர், பெற்றோர், சபை எல்லோரும் சேர்ந்துதான் தாங்கினார்கள். அந்த ஆண்டுகளைப் பற்றி நாம் போதிய அளவு எழுதவில்லை.

யாழ் நூலகத்துக்கும் கல்லூரிக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. 1936 முதல் 1954 வரை அதிபராக இருந்த லோங் அடிகளார், நகருக்கு ஒரு பெரிய நூலகம் வேண்டும் என்ற முயற்சியில் முன்னின்றவர். பள்ளியை வளர்த்த கையோடு ஊருக்கும் வேலை செய்தார். அந்த நூலகம் 1981 ஜூனில் எரிக்கப்பட்டபோது, அதைப் பார்த்த அதிர்ச்சியில் உயிர்விட்டவர் பன்மொழி அறிஞர் தாவீது அடிகள். அவரும் நம் கல்லூரியில் கற்பித்தவர். ஒரு கல்லூரி தன் மதிலுக்கு வெளியே எவ்வளவு தூரம் போகலாம் என்று யாராவது கேட்டால் இந்த இருவரையும்தான் சொல்வேன்.

தனிநாயகம் அடிகள் இங்கு படித்தவரா?

ஆம். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் படித்தார், இங்கும் படித்தார்.

தாத்தா அங்கு படித்தாராம். பதிவு தேட முடியுமா?

முதலில் கல்லூரி அலுவலகத்துக்கு எழுதுங்கள். முழுப் பெயர், பிறந்த ஆண்டு, ஊர் மூன்றும் வேண்டும். போரும் இடப்பெயர்வும் கடந்த ஊர், அதனால் ஒரே இடத்தை நம்பாமல் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவையும் கேளுங்கள். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் யாழ்ப்பாணப் பள்ளிகளின் பழைய மலர்கள் நிறைய உண்டு. அங்கே விளையாட்டு அணிப் படங்களின் கீழே உள்ள பெயர்களையும் விடாமல் பாருங்கள்.