விவசாயிகளும் வாங்குபவர்களும் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுகளால் உணவு வியாபாரத்தில் நியாயத்தைக் கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் "இடைத்தரகரை ஒழித்துவிட்டால் போதும்" என்ற ஒரே எண்ணத்தோடு ஆரம்பிக்கும் கூட்டுறவு ரொம்ப நாள் தாங்காது என்பது என் அபிப்பிராயம். எங்கள் வீட்டுக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

வேலூர் மாவட்டம், அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் கறவை மாடுகள் இருக்கின்றன, கொஞ்சம் நிலத்தில் கத்தரி. பால் கூட்டுறவு சொசைட்டிக்குப் போகிறது, கத்தரிக்காய் டவுனில் ஒரு கமிஷன் மண்டிக்குப் போகிறது. பாடுபடுவது அதே ஆட்கள்தான். ஆனால் இந்த இரண்டு இடத்திலும் எங்களை நடத்தும் விதம் வேறு.

விடியற்காலையில் அம்மா கேனோடு சொசைட்டி வாசலில் நிற்பார். சாம்பிளை எடுத்து மெஷினில் வைத்ததும் பாலில் ஃபேட் (கொழுப்பு) எவ்வளவு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு போக மிச்சமுள்ள சத்து) எவ்வளவு என்று எண் வரும். அதை வைத்துத்தான் விலை. சீட்டு அப்போதே கைக்கு வந்துவிடும். எண் குறைவாகக் காட்டினால், "நேத்து இருந்த அதே மாடுதான்பா, இன்னொரு தடவ வெச்சுப் பாரு" என்பார் அம்மா. வைத்துப் பார்ப்பார்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்களும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். கொள்முதல் விலையும் ஊரறிந்த விஷயம்: பசும்பாலுக்கு 2022 நவம்பரில் லிட்டர் 32 ரூபாயிலிருந்து 35 ஆனது, 2023 டிசம்பரில் மேலும் 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். தீவனம் விற்கிற விலைக்கு இது பத்தாது. பட்டுவாடா தள்ளிப்போகும் மாதங்களில் கையைப் பிசைந்துகொண்டுதான் இருக்கிறோம். இருந்தாலும் விலை எப்படி வந்தது என்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

கத்தரிக்காய்க் கதை வேறு. எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பு முழுக்க முள். பறிக்கும் பெண்களின் விரல் நுனியைப் பார்த்தால் தெரியும், அந்தக் காய் என்ன விலை கேட்கிறது என்று. மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்ட பிறகு அது எங்கள் கையில் இல்லை. மதியம் சீட்டு வரும். நூற்றுக்குப் பத்து கமிஷன், ஏற்று கூலி, இறக்கு கூலி, சாக்குக்கு எடைக் கழிவு எல்லாம் போக மிச்சம். ஏலத்தில் என்ன விலைக்குப் போனது, யார் எடுத்தார் என்று கேட்க நாங்கள் அங்கே இருப்பதில்லை. புவிசார் குறியீடு காய்க்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பேருக்கு உண்டான காசு தோட்டத்துக்கு வர வேண்டுமென்றால் விளைவிப்பவர்கள் ஒன்றாக நின்று விற்க வேண்டும்.

உழவர் சந்தை இருக்கிறதே என்று கேட்கலாம். 1999-ல் ஆரம்பித்த நல்ல திட்டம் அது. கமிஷன் கிடையாது, தராசும் இலவசம். வேலூர் டோல்கேட் உழவர் சந்தைக்கு ஆள் இருக்கும்போது நாங்களும் போகிறோம். பறிப்பு நாளில் ஒருவர் காலை முழுக்க அங்கே உட்கார வேண்டும் என்பதுதான் சிரமம். அதைவிடப் பெரிய தடையை, பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒரு நாள் என்னிடம் சொன்னார். நான் சங்கம், கூட்டு விற்பனை என்று பேசிக்கொண்டிருந்தேன். "மண்டிக்காரரு ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணாலும் பணம் குடுப்பாரு தம்பி. உங்க சங்கம் குடுக்குமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் கூட்டுறவுதான் நிற்கும். விதை, மருந்தடிப்பு, ஆஸ்பத்திரி, காதுகுத்து எல்லாவற்றுக்கும் மண்டியில் அட்வான்ஸ் வாங்குகிறோம். வாங்கிய பிறகு காயை வேறெங்கும் கொண்டுபோக முடியாது. ஆக, மண்டி எங்களைக் கட்டிவைத்திருப்பது தராசால் அல்ல, கடனால்.

நம் நாட்டில் கூட்டுறவுச் சட்டம் வந்ததே இதற்காகத்தான். 1904-ல் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்த கையோடு, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் அப்படி ஒரு சங்கம் தொடங்கியது. இன்றைக்கும் ஊர்ச் சொசைட்டி பயிர்க்கடன் கொடுக்கிறது, உரம் விற்கிறது, ரேஷன் கடை நடத்துகிறது. ஆனால் பயிர்க்கடனுக்குச் சிட்டா, அடங்கல் வேண்டும், அதாவது நிலம் யார் பேரில் இருக்கிறது, என்ன பயிர் என்று காட்டும் அரசுப் பதிவுகள். குத்தகைக்கு உழுபவரிடம் சிட்டா ஏது? நிலம் புருஷன் பேரிலோ மாமனார் பேரிலோ இருக்கிற பெண் என்ன செய்வார்? அவர்கள்தான் முதலில் மண்டிக்குப் போகிறார்கள். பால் சொசைட்டி பட்டா கேட்பதில்லை. மாடு இருந்து பால் ஊற்றினால் போதும். அதனால்தான் அந்த வரிசையில் நிலமில்லாதவர்களும் நிற்கிறார்கள். எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

உடைமை என்பது காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் எங்கள் வேலூரும் சேர்ந்திருந்த பழைய வட ஆற்காட்டிலேயே உதாரணம் இருக்கிறது. திருவலம், கேத்தாண்டப்பட்டி, வடபுதுப்பட்டு என்று கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் வந்தன. கரும்பு விவசாயிகள் பங்கு வாங்கினார்கள். ஆனால் கரும்புக்கு அடிப்படை விலையை நிர்ணயிப்பது மத்திய அரசு, ஆலையின் நிர்வாகம் அரசு அதிகாரி கையில். வெட்டிய கரும்புக்கு 14 நாளில் பணம் தர வேண்டும் என்று 1966-ம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அந்தப் பணத்துக்காக விவசாயிகள் போராட வேண்டி வந்த வருஷங்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதுதான் கூட்டுறவின் உயிர். தேர்தல் நடக்காமல் அரசு நியமித்த தனி அலுவலர் மட்டுமே சங்கத்தை நடத்தினால் அந்த ஓட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி பற்றியும் கேட்பீர்கள். 2020-ல் மத்திய அரசு இப்படி 10,000 அமைப்புகளை உருவாக்கும் திட்டம் கொண்டுவந்தது. சமவெளியில் குறைந்தது 300 பேர் சேர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு மூன்று வருஷம் உதவி, உறுப்பினர் போடும் பங்குத்தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை அரசின் மானியம். நல்ல ஆரம்பம்தான். ஆனால் பறித்த அன்றே விவசாயிக்குக் காசு கொடுக்க நடைமுறை மூலதனம், அதாவது கையில் சுழலும் பணம் வேண்டும். அது இல்லாதபோது உரக்கடை வைத்து நடத்துவதே சுலபமாகிவிடுகிறது, காய் மறுபடி மண்டிக்கே போகிறது.

ஆகவே வாங்குபவர்கள் பங்கு இங்கேதான் தேவை. "விவசாயியிடம் நேரடியாக வாங்குகிறோம்" என்று சொல்லிப் பேரம் பேசுவது எங்களுக்கு உதவாது. நடவுக்கு முன்னால் பணம் போடுங்கள். வேலூர் பெரிய ஆஸ்பத்திரியும் பல்கலைக்கழக ஹாஸ்டல்களும் உள்ள ஊர். தினம் எத்தனை மூட்டை காய் அந்தச் சமையலறைகளுக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். அவற்றில் ஒன்றே ஒன்று, ஒரு சங்கத்தோடு ஒரு போகத்துக்கு இவ்வளவு எடை, இன்ன விலைக்குக் குறையாமல் என்று எழுதிக் கொடுத்து, கால்பங்கை முன்பணமாகத் தந்தால், அந்தப் பெரியவரின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

நாங்கள் சில குடும்பங்கள் இப்போது பேசிவருவது இதுதான்: எடை வரப்பிலேயே, எல்லோர் முன்னாலும். முன்பணத்தில் ஒரு பகுதி அவசரக் கடனுக்கு என்று தனியாக. சிட்டா கேட்காமல் உறுப்பினர் சேர்க்கை. காய் பறிக்கிற பெண்களுக்கும் பங்கும் ஓட்டும். கடைசி விஷயத்துக்குத்தான் வீடுகளில் எதிர்ப்பு அதிகம், "கூலிக்கு வர்றவங்களுக்கு எதுக்கு ஓட்டு" என்கிறார்கள். அதை விட்டுக்கொடுத்துச் சங்கம் பதிவு செய்வதில்லை என்று நாங்கள் சிலர் உறுதியாக இருக்கிறோம். வேலூர், காட்பாடியில் பத்து இருபது வீடு சேர்ந்து முன்பணம் போடத் தயாராக இருந்தால், அந்த அளவிலேயே தொடங்கிவிடலாம்.