வயலுக்கு எந்தச் சில்லு, வீதிக்கு எந்தச் சில்லு? வன்னி வாசகர் கேள்வி-பதில்

காலபோகம் நெருங்க நெருங்க வரும் கேள்விகளில் பாதி உழவு மெசினின் (ட்ராக்டரின்) சில்லைப் பற்றித்தான். ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து, சிலவற்றை இங்கே எடுத்திருக்கிறோம்.

“என்னட்ட 13.6-28 பின் ரயர் போட்ட மெசின். கூலி உழவுக்கும் போறன், பெட்டியில நெல்லும் ஏத்துறன். ஒவ்வொரு போகமும் அதே றிம்மில ரயரைக் கழட்டி உயரப் பல்லு ரயர் மாத்துறன். வேற றிம்மோட ஒரு சோடி வாங்கிறது காசைக் கொட்டுற வேலையோ?” (அக்கராயன்)

இல்லை. உங்களுக்கு அது தேவை. ரயர் பல்லுத் தேய்ந்து சாவதை விட, றிம்மில் இருந்து நெம்பி நெம்பிச் சாவது அதிகம். ரயரின் உள்விளிம்பில் கம்பி வளையம் இருக்கிறது. அலவாங்கு போட்டு நெம்பும்போது அதன் மேலுள்ள ரப்பர் கிழியும், பிறகு கம்பி துருப்பிடிக்கும். ரியூப் மடிந்து நசிபடுவதும், வால்வ் அடி பிய்வதும் அதே நேரத்தில்தான். வருடத்துக்கு இரண்டு போகம், போகத்துக்குப் போட ஒரு தடவை, கழட்ட ஒரு தடவை, இரண்டு பக்கம்: மொத்தம் எட்டு முறை. எந்த ரயரும் இதை அதிக காலம் தாங்காது.

றிம் வாங்கும்போது நட் ஓட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். எட்டு ஓட்டைச் சில்லில் ஓர் ஓட்டையின் உள் விளிம்பில் இருந்து நேர் எதிர் ஓட்டையின் வெளி விளிம்பு வரை அளந்தால் வட்டத்தின் விட்டம் கிடைக்கும். பல மெசின்களில் 8 அங்குலம் வரும். ஆனாலும் உங்களுடையதை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். நடு ஓட்டை அச்சுக் குடத்தில் ஆட்டமில்லாமல் இருக்க வேண்டும். நட் பூட்டும் நடுத் தட்டின் குழிவும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். குழிவு மாறினால் சில்லு மட்காட்டில் உரசும், அல்லது வெளியே தள்ளி நின்று அச்சுப் பெயாரிங்கைத் தின்னும்.

இடது வலதும் முக்கியம். மெசினுக்கு முன்னால் நின்று பார்த்தால் ரயரின் மேல் பக்கத்தில் பல்லின் ‘வி’ முனை உங்களைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் நடுப்பகுதி முதலில் நிலத்தில் பட்டு, சேற்றை இரண்டு பக்கமும் தள்ளும். மாறிப் போட்டால் சேறு நடுவுக்கு வந்து அடைத்துக்கொள்ளும். பக்கச்சுவரில் அம்புக்குறி இருக்கும்.

உங்கள் சொந்த ஐந்து ஏக்கரை மட்டும் உழுது, நெல்லை வேறு ஆளின் பெட்டியில் ஏற்றுபவராக இருந்தால் இந்தப் பதில் மாறும். ஒரே ரயரோடு இருங்கள். மிஞ்சும் காசை வாய்க்காலுக்குச் செலவழியுங்கள்.

“முழு இரும்புச் சில்லோ, ரயருக்கு வெளியில பூட்டுற அரைச் சில்லோ?” (முருங்கன்)

உங்கள் மண்ணைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். முருங்கன் களி, காய்ந்தால் கை போகிற அளவு வெடிக்கும், நனைந்தால் பசைபோல ஒட்டும். காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்கு அள்ளிப் போன களி அல்லவா! அந்த மண்ணில் தகடுகள் நெருக்கமாக உள்ள சில்லைப் போட்டால் கால் மணித்தியாலத்தில் இடைவெளி முழுக்கச் சேறு அடைத்து, சில்லு உருளைக் கல்லாகிவிடும். பிறகு பிடியே இல்லை. இடைவெளி அகன்ற சில்லை எடுங்கள். வயலில் இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் நிற்க விட்டு இறங்குங்கள். தண்ணீர் போதாத சேறுதான் ஒட்டும்.

அரைச் சில்லு ரயரை விடச் சற்றுச் சிறிய விட்டம் உள்ளது. கட்டாந்தரையில் ரயர்தான் பாரம் தாங்கும். புதையும்போதுதான் இரும்பு வேலை செய்யும். வயலுக்கு வயல் வரம்பு கடந்து போகிறவருக்கு இதுவே வசதி. முழங்கால் சேற்றுக்கு இது போதாது, அங்கே முழுச் சில்லு.

முழுச் சில்லைப் போட்டுக்கொண்டு தார் வீதியில் ஓட்ட வேண்டாம். ஏ-9 கார்ப்பெற்றில் பதியும் தழும்பு ஒரு பக்கம். மறுபக்கம், ரப்பர் வாங்க வேண்டிய அதிர்ச்சி முழுவதும் நேரே பின் அச்சுப் பல்லுச் சக்கரத்துக்குப் போகும். இரும்பைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய் வயல் வாசலில் மாற்றுங்கள்.

“வயல் வாசலில மாத்தச் சொல்லுறியள். மழையில ஜக் புதையுது. சரியா எப்பிடிச் செய்யிறது?” (வவுனிக்குளம்)

சேற்றில் இல்லை, வரம்புக்கு வெளியே கிறவல் ஒழுங்கையில் செய்யுங்கள். ஒன்றரை அடிச் சதுரமான, இரண்டு அங்குலத் தடிப்புப் பலகை ஒன்று எப்போதும் பெட்டியில் கிடக்கட்டும். ஜக் அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

கலப்பையை நிலத்தில் இறக்கி, கியரில் விட்டு, கை பிரேக் போட்டு, முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். அடுத்ததைத்தான் பெரும்பாலானோர் விடுகிறார்கள்: மெசினின் முன் அச்சு நடுவில் ஆணியில் ஆடும் அச்சு. பின்னால் ஒரு பக்கத்தை உயர்த்தினால் உடம்பு முழுவதும் மற்றப் பக்கம் சாயும். முன் அச்சுக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு பக்கமும் மர ஆப்பு இறுக்குங்கள்.

சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பின் அச்சுக் குழாயின் அடியில் ஜக் வைத்து உயர்த்தி, உடனே பாலைக் குற்றியோ இரும்பு முக்காலியோ முட்டுக் கொடுங்கள். சீமெந்துக் கல்லை முட்டாக வைக்க வேண்டாம். விரிசல் விடும் முன் அது எச்சரிக்காது. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே தலை வைக்கவும் வேண்டாம்.

பாரத்துக்காக ரயருக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தால் கூடுதல் கவனம். 13.6-28 ரயரில் முக்கால் பங்குத் தண்ணீர் ஏறக்குறைய 200 லீற்றர், அதாவது ரயரும் றிம்மும் போக இன்னும் 200 கிலோ. சாய்ந்தால் நான்கு பேர் சேர்ந்தாலும் பிடிக்க முடியாது. வால்வை மேலே கொண்டுவந்து காற்றை விட்டு, பிறகு கீழே திருப்பித் தண்ணீரை வடிய விடுங்கள். அடிக்கடி மாற்றுபவர் தண்ணீரை விட்டுவிட்டு இரும்புப் பாரத்துக்கு மாறுவதே நல்லது.

நட்டை வட்டமாக வரிசையில் இறுக்காமல் எதிர் எதிராக இறுக்குங்கள். முறுக்கு அளவு மெசினின் கைநூலில் இருக்கும். ஒரு மணித்தியாலம் உழுத பின் ஒரு தடவை, அன்று மாலை இன்னொரு தடவை மறுபடி இறுக்க வேண்டும்.

“புது இரும்புச் சில்லு. மூன்று தரம் இறுக்கியும் நட் கழருது.” (ஒட்டுசுட்டான்)

பெயின்ற். நட் உட்காரும் இடத்திலும் தட்டின் பின்பக்கத்திலும் தடித்த பெயின்ற் அடித்திருப்பார்கள். பாரம் ஏற ஏற அது நசிந்து மெலியும், நட் தளரும். இரண்டு முகத்தையும் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள். தளர்ந்த நிலையில் ஓடியிருந்தால் ஓட்டை நீள்வட்டமாகியிருக்கும். அப்படியானால் பட்டறையில் புதுத் தட்டு வைப்பதைத் தவிர வழியில்லை.

“லான்ட்மாஸ்டருக்கும் ரெண்டு சோடி றிம் வேணுமோ?” (துணுக்காய்)

வேண்டாம். இரண்டு சில்லு உழவு மெசினான லான்ட்மாஸ்டரின் இரும்புச் சில்லே இரண்டாவது சோடிதான். 6.00-12 ரயர் றிம்மை விட்டு இறங்கத் தேவையில்லை. அச்சு ஆறுபட்டையாக உள்ள மெசினில் குடத்தைப் பூட்டும் முன் பட்டையைத் துடைத்துக் கிறீஸ் பூசுங்கள், இல்லாவிட்டால் அடுத்த போகம் சம்மட்டி தேவைப்படும். பூட்டு ஊசிக்குப் பதிலாகக் கம்பி ஆணியை வளைத்துப் போடும் பழக்கத்தை மட்டும் விடுங்கள். அது அறுந்தால் சில்லு தனியாக வாய்க்காலுக்குப் போகும்.

“நாலு சில்லும் இழுக்கிற மெசின். பின்னுக்கு மட்டும் இரும்பு போடலாமோ?” (பரந்தன்)

போடலாம், ஆனால் அளந்து. முன்னும் பின்னும் ஒரே கியரில் பிணைந்திருப்பதால், முன் சில்லு பின்னதை விடச் சிறிதளவு வேகமாக ஓடும்படி கணக்கிட்டே செய்திருப்பார்கள். பின் சில்லின் விட்டம் மாறினால் அந்தக் கணக்குக் குழம்பி, இரண்டு அச்சும் ஒன்றையொன்று இழுக்கும். ரயரில் சோக்கால் கோடு போட்டு, சமதரையில் ஒரு முழுச் சுற்று உருட்டித் தூரத்தை அளவிடுங்கள். இரும்புச் சில்லுக்கு வெளிவிட்டத்தை 3.14 ஆல் பெருக்குங்கள். இரண்டும் நெருங்கி வராவிட்டால் முன் இழுவையைப் போடாமல் உழுங்கள். சேற்றில் வழுக்கல் கொஞ்சம் மன்னிக்கும், கட்டாந்தரை மன்னிக்காது.

“மொன்றியலில இருக்கிற அத்தான் பனிக்கு வேற நாலு சில்லு வைச்சிருக்கிறாராம். அதுவும் இந்தக் கதைதானோ?” (கிளிநொச்சி)

கணக்கு ஒன்றுதான், காரணம் வேறு. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி ரயர் கட்டாயம். சாதாரண ரயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். பனி ரயரின் ரப்பர் இளகியே இருக்கும், ஆனால் கோடையில் சீக்கிரம் தேயும். எனவே அவர் வருடத்துக்கு இரண்டு முறை மாற்றியே ஆகவேண்டும். தனி றிம்மில் இருந்தால் வீட்டு வாசலில் ஜக் போட்டு மாற்றலாம், ரயரின் உள்விளிம்பும் தப்பும். சில்லுக்குள் காற்றழுத்த உணரி உள்ள வாகனமானால் அந்த றிம்முகளுக்கும் உணரி தனியாக வேண்டும், இல்லாவிட்டால் குளிர்காலம் முழுக்க எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

“கழட்டின ரயரை எங்க வைக்கிறது? போன வருசம் வெடிச்சுப் போச்சு.” (மல்லாவி)

வெயிலும் சோளகமும் படுகிற இடத்தில் வைத்திருப்பீர்கள். கூரைக்கு அடியில், நிலத்தில் படாமல் பலகை மேல், நிற்க வைத்து அடுக்குங்கள். றிம்மோடு இருந்தால் காற்றைப் பாதியாகக் குறையுங்கள். காற்றை முழுக்க இறக்கிவிட்டால் பாரத்தில் மடிந்த இடத்திலேயே வெடிக்கும். டீசலும் கிறீஸும் ரப்பரை ஊத வைக்கும். எண்ணெய்ப் பரலுக்குப் பக்கத்தில் அடுக்க வேண்டாம்.

திரும்ப றிம்மில் ஏற்ற வேண்டி வந்தால் விளிம்புக்குச் சவர்க்காரத் தண்ணீர் மட்டும் பூசுங்கள். ‘டக்’ என்று விளிம்பு உட்காரவில்லை என்று காற்றைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். காற்றழுத்தம் 35 இறாத்தலுக்கு (psi) மேல் போனால் கம்பி அறுந்து றிம் பறக்கலாம். காற்றை இறக்கி, மறுபடி சவர்க்காரம் பூசி, ரயரை நடுவுக்குக் கொண்டுவந்து திரும்ப அடியுங்கள். அடிக்கும்போது ரயரின் பக்கச்சுவருக்கு நேரே நிற்காமல், நீளக் குழாயோடு பல்லுப் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள்.