கூரை இல்லாத இடத்துக்குக் காசு எதற்கு?

கேள்வி: மே விடுமுறையில் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு சிங்கப்பூர் வருகிறோம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. மகனுக்கு நான்கு வயது. ஒரு மாலை நேரம் தண்ணீர் ஓரமாக மெதுவாக நடந்துவிட்டு வந்தால் போதும் என்கிறார் அம்மா. கரையோரப் பூந்தோட்டங்களுக்கு (Gardens by the Bay) நுழைவுக் கட்டணம், விளக்குக் காட்சிக்கு டிக்கெட், கைடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று எங்கள் ஏஜென்ட் ஒரு பேக்கேஜ் சொல்கிறார். வாங்கலாமா? அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா?

பதில்: அம்மாவால் முடியும். பேக்கேஜ் வேண்டாம்.

நீங்கள் கேட்கிற நடை மொத்தம் இரண்டரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். பெரும்பாலும் சமதளம், தள்ளுவண்டி தாராளமாக உருளும், வழியில் உட்கார இடம் இருக்கிறது. ஆனால் ஏஜென்ட்கள் கூட்டிப்போகும் திசையில் போகாதீர்கள். அவர்கள் பேஃபிரன்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறக்கிவிட்டு, வெயிலோடு வெயிலாக, தோட்டத்தில் மரம்போல் உயர்ந்து நிற்கும் கோபுரங்களான சூப்பர்ட்ரீக்களைக் காட்டி, தோட்டத்துக்கு அடுத்திருக்கும் மரினா அணைக்கட்டுப் பக்கம் போவதற்குள் எல்லோரும் களைத்துப்போய்ப் பாதியிலேயே திரும்பிவிடுவார்கள். நீங்கள் தலைகீழாகப் போங்கள். மரினா அணைக்கட்டில் ஐந்து மணிக்குத் தொடங்கி, இருட்டும் நேரத்தில் சூப்பர்ட்ரீக்களிடம் முடியுங்கள்.

அணைக்கட்டு வரை அம்மாவை நடக்க விடாமல் டாக்சியிலேயே கொண்டுபோய் இறக்குங்கள். இங்கே ஒரு கூத்து இருக்கிறது. 1.35 மீட்டருக்குக் குறைவான குழந்தைக்குக் காரில் தனி இருக்கை வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். டாக்சிக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. செயலியில் கூப்பிட்டால் வரும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை. அதே சாலை, அதே வேகம், அதே குழந்தை. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை புரியவில்லை, விளக்கம் கேட்டுக் களைத்துவிட்டேன். ஆகவே செயலியில் கூப்பிடும்போது 'டாக்சி' என்பதையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் வந்த ஓட்டுநர் பையனைப் பார்த்துவிட்டு 'சாரி' சொல்லிப் போய்விடுவார்.

அணைக்கட்டு 2008-இல் திறந்தது. 350 மீட்டர் அகலமான கால்வாயின் குறுக்கே ஒன்பது கதவுகள். உள்ளே நல்ல தண்ணீர், வெளியே கடல். அம்மாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: நீங்கள் ஓரமாக நடந்துபோகும் இந்தத் தண்ணீர் குடிநீர்த் தேக்கம். நகரத்தின் நடுவிலேயே மழைநீரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். காவிரிக்கரைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கட்டடத்தின் மேல் முழுக்கப் புல்தரை. சாயங்காலம் பட்டம் விடுவார்கள், பையன் அங்கேயே உருண்டுகொண்டிருப்பான். சரிவுப் பாதையில் ஏறலாம். அம்மாவை மட்டும் லிஃப்டில் அனுப்புங்கள், இந்த நடையில் முழங்காலுக்கு வேலை வைக்கும் ஒரே ஏற்றம் அதுதான். கீழே தரையிலிருந்து நீர் பீய்ச்சும் இடம் ஒன்று உண்டு. பையனுக்கு மாற்றுடை கொண்டுவராமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மே மாதம் என்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தப் பருவத்தில் பிற்பகலில் இடியோடு மழை வருவது இங்கே சகஜம். இடிச்சத்தம் கேட்டதும் புல்தரையில் குடை பிடித்து நிற்காதீர்கள். கீழே இறங்கிக் கூரைக்கு அடியில் வந்துவிடுங்கள், முக்கால் மணி நேரம் போனாலும் போகட்டும்.

பிறகு தண்ணீரை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் போதும், வழி கேட்கத் தேவையில்லை. எதிரே ராட்சத ராட்டினம் (Singapore Flyer) தெரியும். கொஞ்ச தூரத்தில் கரையோரமாக ஓர் உணவு நிலையம் வரும். அம்மா சைவம் என்றால் கையில் புளியோதரை இருப்பது நல்லது, பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடத் தடையில்லை. ஆனால் மிச்சத்தை மீனுக்கோ பறவைக்கோ போடக் கூடாது. புண்ணியம் என்று நினைத்து நம் பெரியவர்கள் செய்கிற காரியம்தான், இங்கே காட்டு உயிர்களுக்கு உணவு போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். நீர்நாய்க் குடும்பம் கரையேறினால் நின்று பாருங்கள், பையனைக் கிட்டே விடாதீர்கள். குட்டியோடு இருக்கும் நீர்நாய் கடிக்கும்.

சரி, இப்போது டிக்கெட் விஷயம். என் வயிற்றெரிச்சலே இதுதான்.

போன வருடம் தோட்டத்தில் இருக்கும் தும்பிப் பாலத்தின் (Dragonfly Bridge) அருகே ஒரு பெரியவர், கும்பகோணம் பக்கத்துக்காரர், பிளாஸ்டிக் கவரிலிருந்து ஐந்து சீட்டுகளை எடுத்து, "தம்பி, இதை எந்த கேட்ல காட்டணும்?" என்று என்னிடம் கேட்டார். 'கார்டன் என்ட்ரி' என்று வண்ணத்தில் அச்சடித்திருந்தது. கேட்டே இல்லை ஐயா என்றேன். அவர் நம்பவில்லை. காசு கொடுத்திருக்கிறாரே, எங்கேயோ ஒருவர் வாங்கிக் கிழித்தால்தானே மனம் ஆறும்? கால் மணி நேரம் கேட்டைத் தேடிவிட்டு, சீட்டுகளை மடித்து மறுபடி கவரில் வைத்துக்கொண்டார்.

தோட்டத்தின் வெளிப்பகுதி முழுவதும் இலவசம். காலை 5 மணியிலிருந்து பின்னிரவு 2 மணி வரை யாரும் நடக்கலாம். ஏரி, கரையோரப் பாதை, சூப்பர்ட்ரீக்களின் அடிவாரம், விளக்குக் காட்சி எதற்கும் காசில்லை. நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு: தலைக்கு மேல் கூரை இருந்தால் காசு, வானம் தெரிந்தால் இலவசம். மலர்க் குவிமாடம், மேகக்காடு போன்றவை கண்ணாடிக் கூரைக்குள் குளிரூட்டிய இடங்கள், அவற்றுக்கு டிக்கெட் உண்டு.

இந்தக் கணக்குக்கு ஒரு விலக்கு உண்டு. ஏஜென்ட் பிடித்துக்கொள்வதும் அதையேதான். சூப்பர்ட்ரீக்களுக்கு நடுவே 22 மீட்டர் உயரத்தில் 128 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொங்குபாதை போகிறது. அதற்குக் கூரை இல்லை, ஆனால் டிக்கெட் உண்டு. அந்த டிக்கெட்டைத்தான் 'விளக்குக் காட்சி டிக்கெட்' என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காட்சி தினமும் இரவு 7.45-க்கும் 8.45-க்கும், கீழே தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பதற்காகவே அமைத்தது. பாதிப் பேர் படுத்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். மேலே நின்றால் விளக்கு பக்கவாட்டில் தெரியும், அவ்வளவுதான். மழை வந்தால் பாதையை மூடிவிடுவார்கள். உயரத்தைக் கண்டால் அம்மாவுக்குத் தலைசுற்றும் என்றால் அந்தக் காசும் போச்சு. பகலில் ஊரை உயரத்திலிருந்து பார்க்க ஆசை என்றால் ஏறுங்கள், தவறில்லை. விளக்குக்காக ஏறாதீர்கள்.

அந்தக் குளிர்க் குவிமாடங்களுக்குப் போக நினைத்தால் அதிகாரபூர்வ தளத்தில் நீங்களே வாங்குங்கள். பராமரிப்புக்காக அவற்றை மூடும் நாட்கள் உண்டு, அந்தத் தேதியை ஏஜென்ட் பார்த்துச் சொல்வார் என்று இருக்காதீர்கள். உள்ளூர்வாசிகளுக்கு மட்டுமான குறைந்த விலை டிக்கெட்டை உங்களிடம் தள்ளிவிடப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். வாசலில் அடையாள அட்டை கேட்டால் நீங்கள்தான் அசடு வழிய நிற்க வேண்டும்.

கைடு தேவையா? இந்த நடைக்குத் தேவையில்லை. கைடாகப் பிழைக்கும் நானே சொல்கிறேன். வேண்டுமென்றே வைத்துக்கொண்டால், சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழக உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். நாங்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், அதற்கு வகுப்பு, கட்டணம், படிவம். உரிமமே இல்லாத ஆள் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நாற்பது பேரை என் கண் முன்னாலேயே ஓட்டிப் போகிறார், அவரை யாரும் கேட்பதில்லை.

பேக்கேஜில் 'வருகை அட்டைக் கட்டணம்' என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். விசா வேறு, அதற்குக் கட்டணம் உண்டு. எஸ்ஜி வருகை அட்டைக்கு (SG Arrival Card, வருவதற்கு முன் இணையத்தில் நிரப்பும் படிவம்) ஒரு பைசா கிடையாது. வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நீங்களே நிரப்பலாம். தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் கட்டணம் கேட்கும். கார்டு எண்ணைக் கேட்டாலே அது வேறு தளம் என்று மூடிவிடுங்கள்.

7.45 காட்சி முடிந்ததும் கூட்டத்தோடு எழுந்து ஓடாதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்து, தும்பிப் பாலம் வழியாக பேஃபிரன்ட் நிலையத்துக்கு வாருங்கள். எம்ஆர்டி நிலையங்களில் லிஃப்ட் உண்டு, தள்ளுவண்டியோடு படியில் மல்லுக்கட்ட வேண்டாம். பையனுக்கு தண்ணீரோ பாலோ நிலையத்துக்குள் நுழையும் முன்பே கொடுத்துவிடுங்கள். உள்ளேயும் ரயிலிலும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை போகும்.