ஓசூர் தாண்டி வந்த புகைச் சான்றிதழ் ஏற்காட்டில் செல்லுமா?

பெங்களூரில் புகைச் சோதனை செய்த காரை ஏற்காட்டுக்கு ஓட்டி வந்தால் தமிழ்நாட்டில் மறுபடி சோதிக்க வேண்டுமா என்பது கேள்வி. வேண்டாம். சான்றிதழ் காலாவதியாகாத வரை நாடு முழுக்கச் செல்லும்.

அரசியலமைப்பில் மோட்டார் வாகனம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். ஆனால் எவ்வளவு புகை விடலாம் என்ற வரம்பு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 115-ஆம் விதியில் இருக்கிறது. புது வண்டிக்கு முதல் ஓராண்டு சான்றிதழே வேண்டாம். அப்புறம் பாரத் ஸ்டேஜ் (வண்டிப் புகைக்கான மத்திய அரசின் தரநிலை) 4, 6 வண்டிகளுக்கு ஆண்டுக்கொரு முறை, அதற்கு முந்தைய பழைய வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை சோதனை.

சரி, மாநிலத்துக்கு என்ன வேலை? சோதனை மையங்களுக்கு அனுமதி கொடுப்பது, சாலையில் பிடிப்பது. சட்டப்படி அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம்; அங்கேயே கட்டி முடிக்கும் தொகையை மாநிலமே குறைத்து வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் ஊருக்கு ஊர் வேறு வேறு தொகை காதில் விழுகிறது.

ஒன்று கவனியுங்கள்: கையில் சான்றிதழ் இருந்தாலும், கொண்டை ஊசி வளைவில் கரும்புகை கக்கினால் காவல் உதவி ஆய்வாளரோ மோட்டார் வாகன ஆய்வாளரோ நிறுத்தி மறுசோதனைக்கு அனுப்பலாம். 116-ஆம் விதி அந்த அதிகாரத்தைத் தருகிறது. பழைய டீசல் வண்டி என்றால் மலையேறுவதற்கு முன் ஏர் ஃபில்டரைப் பார்த்துவிடுங்கள்.