திறந்தவெளியில் குளிர் இரவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மலைப்பாதைகளில் நடக்கும்போது இரண்டு தடித்த கம்பளிகளைச் சுமந்து செல்கிறேன். அப்படியிருந்தும் முதுகும் இடுப்பும் இரவு முழுவதும் சில்லிட்டுப் போகின்றன. மூன்றாவதாக ஒரு கம்பளியைச் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், சுமை கூடுவதுதான் மிச்சம். கம்பளியோ பஞ்சோ தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அவற்றின் இழைகளுக்கு இடையே அசையாமல் தங்கியிருக்கும் காற்றே உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. நீங்கள் படுத்தவுடன் உங்களுக்குக் கீழே இருக்கும் பகுதி உடல் எடையால் நசுங்கி, அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. அதன்பின் முதுகின் வெப்பத்தைத் தரை இரவு முழுவதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வைகளைப் போர்த்தினாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது விரிப்பைத்தான். எடை ஏறினாலும் நசுங்காத பொருளே அதற்கு ஏற்றது. மூடிய நுண்ணறைகளைக் கொண்ட நுரைப்பாய் எடை குறைந்தது, நீரை உறிஞ்சாது, கிழிந்தாலும் பயன்படும். பாய்களின் வெப்பத்தடையை ‘ஆர் மதிப்பு’ என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் கூடினால் தடையும் கூடும். சுமார் 1 செ.மீ. கனமுள்ள நுரைப்பாயின் மதிப்பு பெரும்பாலும் 1.5 முதல் 2 வரை இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாய்களை விரித்தால் இரண்டின் மதிப்புகளையும் கூட்டிக்கொள்ளலாம். பனி மூடிய தரையில் படுப்பதானால் 5 என்ற அளவை எட்டுவது நல்லது. பாயை முழு நீளத்துக்கும் இரட்டிப்பாக்க வேண்டியதில்லை. தோள் முதல் இடுப்பு வரை இரண்டு அடுக்குகள் இருந்தால் போதும். கால்களுக்குக் கீழே காலியான முதுகுப்பையை விரித்துக்கொள்ளலாம்.

கேள்வி: விலை கொடுத்து வாங்காமல், எடை குறைந்த போர்வை ஒன்றை வீட்டிலேயே தைத்துக்கொள்ள முடியுமா? தையல் இயந்திரம் இருக்கிறது. பழக்கமும் ஓரளவு உண்டு.

பதில்: தாராளமாக முடியும். ஆனால் ஸ்லீப்பிங் பேக் போல உடலைச் சுற்றி முழுதாக மூடும் பையைத் தைக்க முயல வேண்டாம். மேலே சொன்ன காரணத்தால் அதன் அடிப்பாகத்துப் பஞ்சு எப்படியும் நசுங்கிப் பயனற்றுப் போகும். அடிப்பாகம் இல்லாமல், கால் பகுதியை மட்டும் பைபோல மூடித் தைத்த போர்வையே எடைக்கு ஏற்ற பலனைத் தரும்.

தாள்தாளாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு இதற்குப் பொருத்தமானது. பறவையின் மென்தூவி எடைக்கு எடை கூடுதல் வெப்பக்காப்பைத் தரும் என்பது உண்மையே; ஆயினும் அது நனைந்தால் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும், தைப்பதும் கடினம். பாலியெஸ்டர் ஈரமானாலும் தன் பருமனை ஓரளவு காத்துக்கொள்ளும். பருத்திப் பஞ்சை அறவே தவிர்த்துவிடுங்கள்: அது நீரை உறிஞ்சிக்கொண்டு எளிதில் காய்வதில்லை. நீர் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதை நினைத்துப் பார்த்தால், ஈரப் போர்வையைவிட எதுவுமே போர்த்தாமல் இருப்பது மேல் என்று மலையேறுபவர்கள் அலுத்துக்கொள்வது ஏன் என்பது புரியும்.

நீளம் உங்கள் உயரத்தைவிட 20 செ.மீ. கூடுதலாகவும், தோள் பகுதியில் அகலம் சுமார் 140 செ.மீ., பாதத்தில் 100 செ.மீ. ஆகவும் இருக்கட்டும். நடுத்தர உயரம் உள்ளவருக்குச் சுமார் இரண்டரை சதுர மீட்டர் பஞ்சு தேவைப்படும். சதுர மீட்டருக்கு 170 கிராம் எடையுள்ள பஞ்சில் ஓர் அடுக்கு வைத்து, நெருக்கமாக நெய்த மெல்லிய நைலான் துணியை இருபுறமும் வைத்துத் தைத்தால் மொத்த எடை 700 கிராமுக்குள் அடங்கும். கடும் குளிருக்குப் பஞ்சை இரண்டு அடுக்காக்கினால் எடை ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும்.

இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. மெத்தை தைப்பதுபோல் போர்வை முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போடுகிறார்கள். ஒவ்வொரு தையல் கோடும் பஞ்சை அழுத்தி, அந்த இடத்தில் குளிர் நுழைய வழிசெய்துவிடும். ஓரங்களைச் சுற்றி மட்டும் பஞ்சைத் துணியோடு சேர்த்துத் தைத்து, நடுவில் ஆங்காங்கே நூல் முடிச்சு போட்டால் போதும். விளிம்புகளில் நாடாக்களை வைத்துப் பாயோடு கட்டிக்கொண்டால், புரளும்போது பக்கவாட்டில் காற்று புகாது. பயணத்துக்கு முன், எழுந்து வீட்டுக்குள் போய்விடக்கூடிய தொலைவில் ஒரு குளிர் இரவு படுத்துப் பாருங்கள்.

கேள்வி: வெள்ளிபோல் மின்னும் மெல்லிய அவசரகாலப் போர்வை ஒன்றை வைத்திருக்கிறேன். அது ஒன்றே போதும் என்கிறார்கள், உண்மையா?

பதில்: போதாது. 1960களில் அமெரிக்க விண்வெளி ஆய்வின் தேவைக்காக உருவான தொழில்நுட்பம் அது. அலுமினியம் பூசிய நெகிழித் தாள் உடலின் வெப்பக் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும், காற்றையும் தடுக்கும். ஆனால் அதற்குக் கனமே இல்லை. ஆகவே தோலையோ தரையையோ நேராகத் தொடும் இடத்தில் வெப்பம் அதன் வழியே கடந்து போய்விடும். வியர்வை ஆவியும் அதன் உட்புறத்தில் நீராகப் படியும். அதைப் பஞ்சுப் போர்வைக்கு உள்ளே வைக்காமல், கைப்பிடி அளவு இடைவெளி விட்டுத் தலைக்குமேல் சாய்வாகக் கட்டி, காற்றையும் மழையையும் மறைக்கும் கூரையாக்குவதே சிறந்த பயன்.

கேள்வி: வழி தவறி, எதுவும் இல்லாமல் ஓர் இரவு சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

பதில்: கையடக்கமாக மடித்து வைத்த பெரிய குப்பைப் பைகள் இரண்டு உங்களிடம் எப்போதும் இருக்கட்டும். உலர்ந்த இலை, சருகு, புல், ஊசியிலை மரங்களின் சிறு கிளைகள் என்று கிடைப்பதை ஒரு பையில் திணித்து விரிப்பாக்குங்கள். படுத்தபின் அது பாதிக்குமேல் அமுங்கிவிடும் என்பதால், அமுங்கிய நிலையிலும் 10 முதல் 15 செ.மீ. வரை கனம் எஞ்சும்படி நிரப்ப வேண்டும். முதலில் போதும் என்று தோன்றும் அளவு அநேகமாகப் போதாது. இரண்டாவது பையில் இடுப்பு வரை இறங்கிக்கொண்டு, சுற்றிலும் சருகை அடையுங்கள். செய்தித்தாள் கிடைத்தால் கசக்கிச் சட்டைக்கும் மேல்சட்டைக்கும் இடையே வைக்கலாம்.

பையைத் தலைக்குமேல் இழுத்துக்கொள்ளக் கூடாது, மூச்சு முட்டிவிடும். குழந்தைகளைப் பைக்குள் இறக்கவே வேண்டாம். சருகு சேகரிக்கும்போது வியர்க்க வியர்க்க உழைக்காமல், மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் செய்வதும், இருட்டுமுன் முடிப்பதும் முக்கியம்.

கேள்வி: கூடாரத்துக்குள் சிறு அடுப்பு எரிய வைத்துத் தூங்கலாமா?

பதில்: கூடவே கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு, தூங்குபவரை எழுப்பாமலேயே கொன்றுவிடும். அடுப்பை வெளியே வைத்து நீரைச் சூடாக்கி, மூடி இறுகப் பொருந்தும் உலோகப் புட்டியில் ஊற்றி, காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு இடையே வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக் கற்களை நெருப்பில் சுட்டு எடுத்து வருவதும் ஆபத்தே. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கக்கூடும். உடன் இருப்பவரின் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தடுமாறத் தொடங்கினால் அவர் தேறிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வெகுவாக இறங்கிவிட்டதன் அறிகுறி அது. ஈர உடையை மாற்றி, தரையிலிருந்து பிரித்து, அசைக்காமல் போர்த்திவைத்து, உடனே மீட்புக் குழுவுக்குத் தகவல் சொல்லுங்கள்.